கடலுக்குப் போன கட்டடம்

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் பூ, மதியம் மருந்துக் குறிப்பு, மாலையில் யாருடைய பேரனோ ஆடுகிற வீடியோ என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் ஒருவர் ஒரு செய்தியைப் போட்டார். இனிமேல் காலிமனைகளை யாரும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லையாம். வானத்திலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்தே வரி போட்டுவிடுவார்களாம். அதன் கீழே இன்னொருவர் எழுதினார்: "அப்பாடா, இனிமேல் போட் மேடம் மாதிரி யாரும் மாட்டிக்க மாட்டாங்க." உடனே வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன.

போன வருடம் ஓய்வு பெற்ற ஒரு பெண், பாவம், "போட் மேடம் யாருங்க?" என்று கேட்டிருந்தாள். அதற்கும் சிரிப்பு முகங்களே பதிலாக வந்தன. பிறகு ஒருவர் அந்த மேடம் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலை அளந்ததாகச் சொன்னார். இன்னொருவர் படகிலேறிக் கடலுக்குள் போய் வரி வசூலித்ததாகச் சொன்னார். கதைக்குக் கை கால் முளைத்து அது தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. அந்த மேடம் நான்தான். நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் திருவல்லிக்கேணிக்காரி. மேன்ஷனில் தங்கியிருந்தவர்களுக்கு அப்பா சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். தேர்வு எழுதி மாநகராட்சியில் எழுத்தராகச் சேர்ந்தேன். சில வருடங்கள் பேரேட்டில் பேர் மாற்றி எழுதினேன். அப்புறம் வரி மதிப்பீட்டாளர் ஆனேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு நூறு அடி டேப்பைக் கையில் கொடுத்து, "பூஜ்யம் எந்தப் பக்கம்னு பாத்துப் பிடிம்மா" என்றார்கள். பயிற்சி அதோடு முடிந்தது.

என் வேலையில் பெரும்பகுதி காலிமனைகளோடுதான் போயிற்று. கட்டடம் இல்லாத மனைக்கும் வரி உண்டு என்பது பலருக்கும் தெரியாது. தெரிய வருகிற அன்றைக்குக் கோபத்தோடு வருவார்கள். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கும். பரப்பளவு தப்பாக இருக்கும், தெரு தப்பாக இருக்கும், புல் முளைத்த மனையில் மாடி வீடு இருப்பதாகப் பதிவு சொல்லும். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் அவருக்குச் சாட்சியாக ஒரு வீடாவது நிற்கும். காலிமனைக்காரருக்குச் சாட்சி சொல்ல அங்கே ஒன்றுமே இருக்காது. இல்லாததை இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் தலையெழுத்து.

அந்த மேல்முறையீடுகளை விசாரித்தவர் வருவாய் அதிகாரி சேஷாத்ரி சார். மயிலாப்பூர்க்காரர், நாலு தலைமுறையாகக் குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர். ஒல்லியாக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுண்ணாம்புக்கட்டி வைத்திருப்பார். அவருடைய அறைக்குள் மனுதாரர் நுழைந்ததும் முதலில் டீ வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மழை, காய்கறி, மூட்டுவலி என்று பேச்சு போகும். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கோப்புக் கட்டைத் திறப்பார். தீர்ப்புக்கு அப்புறம் ஏன் சார் டீ கொடுப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "ஜெயிச்சவருக்குக் குடுத்தா உபசாரம்பா, தோத்தவருக்குக் குடுத்தா பரிகாரம்பா. முன்னாடியே குடுத்துட்டா வெறும் டீ" என்றார்.

டீயை விட்டால் அவரிடம் இருந்த இன்னொரு பழக்கம், மனையின் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடப்பது. எங்களில் சிலர் அதைப் பக்தி என்று நினைத்தோம். பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை. மயிலாப்பூரில் ஒரு மனைக்காரர் தன் மனையில் ஒரு காலத்திலும் வீடு இருந்ததில்லை என்று சாதித்தார். சார் வெறுங்காலோடு குறுக்கே நடந்தார், ஓர் இடத்தில் நின்றார், சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அங்கே தோண்டினால் செங்கல் அஸ்திவாரம் வந்தது. செருப்புக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. தியாகராய நகரில் ஒருவர், "வெறும் காலிமனை சார், காக்காகூட உக்காராது" என்று மனு போட்டிருந்தார். தீபாவளி சமயத்தில் சார் தன் ஸ்கூட்டரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஒருவன் ஓடிவந்து வண்டி நிறுத்தும் டோக்கனைக் கிழித்துக் கொடுத்தான். விசாரணையன்று சார் டீக்குப் பிறகு கட்டைத் திறந்து அந்த டோக்கனை மேஜைமேல் வைத்தார். மனைக்காரர் டோக்கனைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்களிடம் அவர் கேட்கிற கேள்வி எப்போதும் இரண்டுதான். "போனேளா?" என்பது ஒன்று. "யாரண்ட கேட்டேள்?" என்பது மற்றது.

முதல் கேள்விக்கு என்னைப்போல் தலைநிமிர்ந்து பதில் சொல்ல அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே "பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு வருவார்கள். நான் வெயிலானாலும் மழையானாலும் போய்விடுவேன். களக்குறிப்பேட்டை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். மழைக்காலம் என்றால் பென்சிலில் எழுதுவேன், பேனா மை கரைந்துவிடும். நீளம், அகலம், கூரை, சுவர், கதவு எண் எல்லாவற்றையும் அங்கேயே நின்று குறித்துக்கொள்வேன். கண்ணால் பார்க்காமல் ஒரு எழுத்து எழுதமாட்டேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல்தான் எனக்கு வினையாக வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, ஒரு மழைக்காலம். காலிமனைகளை எல்லாம் மறுபடி பார்த்துப் பட்டியல் கொடுக்கச் சொல்லி உத்தரவு. என் பட்டியலில் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி, ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் பின்பக்கம், ஒரு சின்ன மனை இருந்தது. அரை கிரவுண்டுக்கும் குறைவு. உரிமையாளர் பெயர் கன்னியம்மா. நான் போன அன்று புயல் எச்சரிக்கை. குப்பத்து ஜனங்களை எல்லாம் மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சந்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. சாய்த்து அடிக்கிற மழையில் குடையைப் பிடித்தால் டேப்பைப் பிடிக்க முடியவில்லை, டேப்பைப் பிடித்தால் குடையைப் பிடிக்க முடியவில்லை.

மனையில் ஒரு கொட்டகை நின்றது. சவுக்குக் கம்பு நட்டு, மேலே நீலத் தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடியில் மணல் மூட்டைகள் அடுக்கி, அதன்மேல் வலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். தார்ப்பாய்க்கும் மூட்டைக்கும் நடுவில் சுவர் கொஞ்சம் தெரிந்தது. தட்டிப் பார்த்தேன், ஃபைபர். பெயின்ட் அடித்து, எண்கூடப் போட்டிருந்தார்கள். சுற்றி வந்து அளந்தேன். பின்பக்கம் மட்டும் முழங்கால் தண்ணீர், அங்கே போகவில்லை. பென்சிலில் குறித்தேன்: "நீளம் இருபத்தெட்டு அடி. அகலம் ஏழு அடி, முகப்பு குறுகல். கூரை தார்ப்பாய். பக்கச் சுவர் ஃபைபர், நீல நிறம். கதவு எண் 417. உபயோகம்: மீன்பிடிச் சாமான்கள் வைக்கும் கிடங்கு." மனை கோணலாக இருப்பதால் கட்டடத்தையும் முன்பக்கம் குறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று மனதுக்குள் பாராட்டுகூடச் சொன்னேன்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். எனக்கு விஷயம் புரிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

காலிமனை என்றிருந்த பதிவு கிடங்கு என்று மாறியது. புயலுக்குப் பின்னால் இன்னொரு தாழ்வு மண்டலம் வந்து, கடல் அடங்காமலே இருந்தது. அந்த நாட்களில் எங்கள் அலுவலகப் பியூன் ஆறுமுகம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனார். உரிமையாளர் கையில் கொடுக்க முடியாவிட்டால் கட்டடத்தில் ஒட்டிவிட்டு வரலாம் என்பது முறை. கன்னியம்மா மீன் விற்கப் போயிருந்ததால் ஒட்டிவிட்டு வந்தார். "கதவு எண் 417-இல் ஒட்டப்பட்டது" என்று அவருடைய அறிக்கையும் கோப்பில் சேர்ந்தது. ஆட்சேபணை சொல்ல வேண்டிய கெடு ஓடி முடிந்தது. யாரும் வரவில்லை.

வெயில் ஏற ஆரம்பித்த பிறகு ஒருநாள் கன்னியம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, காலிக் கூடையோடு நேராக வந்திருந்தார். கணவர் இல்லை. தம்பி மூர்த்தி வீட்டில் ஒரே அறையில், தம்பியின் குடும்பமும் தன் இரண்டு பெண்களுமாக ஏழு பேர் இருந்தார்கள். மீன் விற்றுச் சேர்த்து இந்த மனையை வாங்கிப் பத்து வருடமாகக் காலியாக வைத்திருந்தார். வீடு கட்ட அரசாங்கம் உதவி செய்கிறது என்று கேள்விப்பட்டு மனு போட்டிருக்கிறார். சொந்தக் கட்டடம் ஒருபோதும் இல்லாதவர்களுக்கு மட்டும் என்பது விதி. "மனுதாரர் பெயரில் ஏற்கெனவே கட்டடம் உள்ளது" என்று எழுதி மனு திரும்பி வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்கள். அதை விட்டால் மறுபடி எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"அந்தக் கட்டடம் எங்க கீதுன்னு காட்டு மேடம், இன்னிக்கே நான் குடி போய்டறேன்" என்றார்.

நான் விறைப்பாகக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். நானே நேரில் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன் என்றேன். என் மனையில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். எங்கள் தலைமை எழுத்தர் நடுவில் புகுந்து இரண்டு விஷயம் சொன்னார். கெடு முடிந்துவிட்டதால் மேல்முறையீடு செல்லாது என்பது ஒன்று. கட்டடம் இப்போது இல்லையென்றால் இடித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பது இன்னொன்று.

கன்னியம்மா அவரையே பார்த்தார். "இல்லாத கட்டடத்த எப்டி சார் இடிக்கிறது? மொதல்ல கட்டிட்டு அப்புறம் இடிக்கட்டா?"

தலைமை எழுத்தர் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்த அம்மா பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வரிக்குப் பயந்து கொட்டகையைப் பிரித்துவிட்டு, இருந்ததே இல்லை என்கிறார், அவ்வளவுதான். சேஷாத்ரி சாரிடம் போய் அப்படியே சொன்னேன்.

"போனேளா?" என்றார்.

"போனேன் சார், கொட்டுகிற மழையில்."

"யாரண்ட கேட்டேள்?"

புயலுக்காக எல்லோரையும் மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள், கேட்க ஆளில்லை என்றேன். அவர் பையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "ஆளில்லேன்னா, ஆள் இருக்கறச்சே இன்னொரு தரம் போயிருக்கலாம். சரி, நாளைக்குக் காலம்பற எல்லாருமா போவோம்" என்றார்.

மறுநாள் எட்டரை மணிக்கு மனையில் கூடினோம். சார், நான், ஆறுமுகம், கன்னியம்மா. அலுவலக டீ இல்லாததால் சந்து முனைக் கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சார் ஆரம்பித்தார். செருப்பைக் கழற்றினார். மணலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், திரும்பக் குறுக்கே நடந்தார். ஒரு கடப்பாரை வாங்கி நாலு இடத்தில் குத்தச் சொன்னார். மணலும் கிளிஞ்சலும் வந்தன. செங்கல் ஒரு துண்டுகூட வரவில்லை.

"கிடங்குக்கு அஸ்திவாரம் இல்லே. நீங்க பாத்ததைப் படியுங்கோ" என்றார் என்னிடம்.

நான் குறிப்பேட்டை விரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி படித்தேன். நீளம் இருபத்தெட்டு அடி. அகலம் ஏழு. முகப்பு குறுகல். ஃபைபர் சுவர் என்று படித்தபோது கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தார். நீல நிறம் என்றபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கதவு எண் நானூற்றுப் பதினேழு" என்றேன். அவரால் அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு ஒண்ணு ஏழா? ஐய, அது எந்தம்பி போட்டு மேடம். புயல்னு சொல்ட்டு மேல இஸ்த்தாந்து இங்க கட்டிப் போட்டோம்."

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மூட்டைகளையும் தார்ப்பாயையும் எடுத்துவிட்டால் பச்சைக் குழந்தைகூடப் படகு என்று சொல்லிவிடும். நான் மட்டும் அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, கதவு எண் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆறுமுகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 417-ஐத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேலேயே நோட்டீஸ் ஒட்டியவர் அவர்.

சேஷாத்ரி சார் மட்டும் சிரிக்கவில்லை. விசாரணை அறையில் கேட்கிற அதே குரலில் கேட்டார். "அந்தக் கட்டடம் இப்போ எங்கே இருக்கு?"

"கடலுக்குப் போய்க்கீது சார். பத்து மணிக்கா வந்துரும்."

"சரி, வரட்டும். இருந்து பாத்துடுவோம்."

கடற்கரைக்குப் போய், மணலில் வரிசையாக உட்கார்ந்து கட்டடம் வருவதற்காகக் காத்திருந்தோம். என் முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ கட்டடங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு கட்டடம் என்னைத் தேடி வந்தது அன்றைக்குத்தான். பத்தேகால் மணிக்கு அலையில் ஏறி இறங்கி வந்து கரையில் மோதியது. நீல நிறம், பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ஏதேதோ எழுதி, கடைசியில் 417. மழையன்று தார்ப்பாய் மறைத்தது போக எனக்குத் தெரிந்தது அந்தக் கடைசி மூன்று எண்கள்தான். சார் என்னைப் பார்த்தார். நான் டேப்பை எடுத்தேன். பூஜ்யம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் பிடித்தேன். இருபத்தெட்டு அடி. ஒரு அங்குலம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவு என்னவோ என் அளவுதான், அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

படகிலிருந்து குதித்த மூர்த்தி நாங்கள் படகுக்கு வரி போட வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எங்களைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, மீனுக்கும் வரி போடுவீங்களா? தண்ணிக்கும் போடுவீங்களா?" என்று ஒரு பாட்டம் தீர்த்தார். அக்கா சமாதானம் சொன்ன பிறகு சார் பொறுமையாகக் கேட்டார், மழைக்காலத்தில் இந்தப் படகில் யாராவது காகிதம் ஒட்டியிருந்தார்களா என்று.

"ஆமா சார், நம்பருமேலயே ஒட்டிக்கிறான். எவனோ போஸ்டர் ஒட்டிக்கினு போய்ட்டான்னு கீச்சிப் போட்டேன்."

அலுவலகம் திரும்பியதும் தலைமை எழுத்தர் ஒரு சுலப வழி சொன்னார். "தற்காலிகக் கொட்டகை இருந்தது, பின்னர் அகற்றப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கிடங்கு வரி நீங்கிவிடும், என் பெயரும் கெடாது. அப்போது என் பதவி உயர்வுப் பட்டியல் மேலே போயிருந்தது. அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வரியில் ஒரு முள் இருந்தது. கொட்டகை இருந்தது என்று எழுதினால், கன்னியம்மா பெயரில் ஒரு காலத்தில் கட்டடம் இருந்தது என்றாகும். ஒருபோதும் இல்லாதவர்களுக்குத்தானே வீடு? வரி போய்விடும், வீடும் போய்விடும்.

சார் என்னிடம் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். "ரெண்டு விதமாவும் உத்தரவு போடலாம். உங்க வாக்குமூலத்தைப் பொறுத்தது. நான் திரும்பி வரதுக்குள்ள எழுதி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்பார்கள், நான் ஒரு முழுப் படகையே மறைக்கப் பார்த்தேன். எழுதியது கோப்பில் கடைசிவரை இருக்கும். எனக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவரும் படித்துச் சிரிப்பார்கள். பதவி உயர்வு தள்ளிப்போகும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏழு பேர் ஓர் அறையில் எப்படிப் படுப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. கால் நீட்டினால் யார்மேலாவது படும். திருவல்லிக்கேணியில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் படுத்தவர்கள், எனக்குத் தெரியும்.

எழுதினேன். "மேற்படி மனையில் நான் கட்டடம் என்று குறித்தது கட்டடம் அன்று. அது ஒரு படகு. கதவு எண் என்று குறித்தது அந்தப் படகின் எண். மனையில் எக்காலத்திலும் கட்டடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிழை என்னுடையது."

சார் அதை நின்றபடியே படித்தார். இரண்டாவது வரிக்கு வந்தபோது காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவரை மீறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கெடு முடிந்துவிட்டதே என்று கேட்ட தலைமை எழுத்தருக்கு விளக்கினார். "நோட்டீஸை மனையில ஒட்டணும், இல்லே மனையில இருக்கற கட்டடத்துல ஒட்டணும். இவா படகுல ஒட்டியிருக்கா. படகு கட்டடம் இல்லேன்னு ஒட்ட வெச்சவாளே எழுதிக் குடுத்துட்டா. அப்போ நோட்டீஸ் போய்ச் சேரவே இல்லே. போய்ச் சேராத நோட்டீஸுக்கு ஏது கெடு? இன்னும் ஆரம்பிக்கவே இல்லே."

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. என்னுடைய முட்டாள்தனத்தையே சாவியாக்கி அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.

வியாழக்கிழமை உத்தரவு தயாரானது. வெள்ளிக்கிழமை காலை கன்னியம்மா அதை வாங்கிக்கொண்டு பட்டியலை மூடுவதற்கு முன் ஓடினார். அன்று மாலைக்குள் எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். நான் படியேறினால் யாராவது, "போட் கரைக்கு வந்தாச்சு" என்பார்கள். நான் விடுப்பு எடுத்தால், "இன்னிக்கு மேடம் கடலுக்குப் போயிருக்காங்க." பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளித்தான் வந்தது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சொன்னதைப் படித்தவர்கள் நிறையப் பேர். அதை டேப் வைத்து அளந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து எங்கே போனாலும் பக்கத்தில் ஒருவரையாவது கேட்காமல் பென்சிலை எடுத்ததில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்லவேண்டும். வானத்திலிருந்து எடுக்கிற படத்திலும் நீலத் தார்ப்பாய் நீலமாகத்தான் தெரியும். அது கீழே இறங்கிவந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரிக்காது. படகுக்குக் கதவு எண் கொடுத்த முதல் ஆள் நான், கடைசி ஆளாக இருக்கமாட்டேன் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு அதே மனைக்கு மறுபடி போகவேண்டி வந்தது. புதுக் கட்டடத்துக்கு வரி போட. சேஷாத்ரி சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை, வாசலில் மாவிலை இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கன்னியம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தார். இருந்தும் நான் முதலில் எதிர்வீட்டுக்குப் போய், இது யார் வீடு, எப்போது கட்டினார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப்பைப் பிரித்தபோது பக்கத்தில் வந்து சுவரைக் காட்டினார். "நல்லாத் தட்டிப் பாத்துக்க மேடம். இது எந்தப் புயலுக்கும் எங்கயும் போவாது."

தட்டிப் பார்த்தேன். செங்கல். உள்ளே பெரிய பெண் ஃபேனுக்குக் கீழே கால் இரண்டையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். குறிப்பேட்டை எடுத்து, "கட்டடம் உண்டு" என்று எழுதினேன். அன்று மழை இல்லை. பேனாவிலேயே எழுதினேன்.